பன்னிரண்டு பாண் தட்டும் ஒரு நாள் வெயிலும்

கண்ணாடிகளைத் தேய்த்து முடித்தபோது இருளப்பனுக்குத் தன் கைவேலையைப் பார்த்துத் தனக்கே ஒரு பெருமை வந்தது. இருபது கண்ணாடித் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஒட்டிக் கிடந்த வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டி, மூன்று தண்ணீரில் அலசி, வரிசையாகச் சாத்தி வைத்திருந்தான். கலஹா மலைப் பக்கமிருந்து வந்த காலை வெளிச்சம் அதில் பட்டுப் பட்டறைச் சுவரில் இருபது துண்டாக ஆடியது.

தேயிலை ஃபெக்டரியில் பதினாலு வருசம் கிடந்தவனுக்கு வெள்ளைப் படலம் என்றால் ஒரே அர்த்தம்தான். பூஞ்சணம். கொழுந்துத் தட்டில் ஒரு விரல் அகலம் வெள்ளை பூத்திருந்தாலும் போதும், டீமேக்கர் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார், அரைச் சம்பளம்தான் கிடைக்கும். துரை வருகிற நாளென்றால் விடிவதற்கு முன்பே சாம்பலும் தும்பும். எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து, ஒரு போர்வையோடு மலையிறங்கி, ஜவாஹிர் முதலாளியின் சாயப் பட்டறையில் வந்து விழுந்து இருபத்தொரு வருசம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு நாலு மணிக்குப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்று தெரிந்ததுமே கை தானாகச் சாம்பலைத் தேடியது.

வருகிறவர் சுற்றாடல் அதிகாரி. பட்டறையின் சாயத் தண்ணீர் கீழே ஓடையில் விழுந்து, ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் நீலமுமாகச் சிங்கள வயல்காரர் வாசல் வழியே போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள், ரெண்டு மாதத்துக்கு முன் கண்டி தலதா மாளிகை விகாரையில் புலிகளின் குண்டு வெடித்த பிறகு சிரிக்கவில்லை. சிவப்புத் தண்ணீர் ஓடிய ஒரு காலையில் பத்துப் பேர் பட்டறை வாசலில் வந்து பேசாமல் நின்றார்கள். கல் விழவில்லை. அதிகாரிக்கு மனுதான் போனது. அதிகாரி வந்து பார்த்தார். தண்ணீரின் நிறத்தை எடுக்க ஒரு வழி உண்டென்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கண்ணெதிரே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதவுக்கு முத்திரை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முத்திரை விழுந்தால் முதலாளிக்கு நட்டம். நூல் அலசும் ஸுலைஹா வேறு வேலை தேடுவாள். இருளப்பனுக்கு அப்படியல்ல. பிரஜாவுரிமைக் காகிதம் இழுபட்டு இழுபட்டு, ஐம்பது வயதாகியும் அவனுக்கு அடையாள அட்டை வரவில்லை. இருந்ததெல்லாம் பட்டறைப் பெயர் அச்சடித்த ஒரு கடிதம். இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று நாலு வரி. மாதம் ஒரு தடவை பொலிஸில் அதற்கு ஒரு சீல். கண்டிக்குப் போகிற வழியில் இருந்த அத்தனை காவல்தடையிலும் அவன் மனிதனாக நடந்து போய் வந்தது அந்த நாலு வரியின் பேரில்தான். பட்டறை போனால் கடிதம் வெறும் தாள். வெறும் தாளோடு பிடிபட்ட இரண்டு பேரை அவனுக்குத் தெரியும். அவர்களுடைய பெண்டாட்டிமார் இன்னும் பொலிஸ் பொலிஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எட்டரை பஸ்ஸில் கமலாசனி டீச்சர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துப் பெண், பேராதெனியாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிப்பவர். நிறத்தை எடுக்க வழி கேட்டு முதலாளி தேடிப் போனது அவரைத்தான். அந்தக் கண்ணாடிகளைப் புதன்கிழமை பின்னேரம் கொண்டுவந்து இறக்கி வைத்தவர் அவர்தான். தொடாமல் வையுங்கள் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். முதலாளி இருளப்பனிடம், "கவனமா பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். இருளப்பன் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டான்.

"டீச்சரம்மா, இங்க பாருங்களேன். மொகம் பாத்துத் தலை சீவலாம்."

கமலாசனி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கிட்டே வந்து ஒரு கண்ணாடியை விரலால் தடவினார். அடுத்ததையும் தடவினார்.

"ஆர் இதைச் செய்தது?"

"நாந்தாங்க. ஒரே பூஞ்சணம் புடிச்சிக் கெடந்திச்சு."

"பூஞ்சணமில்லை இருளப்பன்." அவருடைய குரல் மெதுவாகத்தான் வந்தது. "அதுதான் மருந்து. ரெண்டு கிழமையா அடுப்பில சுட்டுச் சுட்டு ஒட்டினனான்."

இருளப்பன் கண்ணாடியையும் தன் நகத்தையும் பார்த்தான். நூல் கூடையோடு வந்த ஸுலைஹா கண்ணாடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இவர் இப்பிடித்தான் மிஸ். பாணுக்கு பட்டர் பூசிக் குடுத்தாலும் வழிச்சி எறிஞ்சிட்டுத்தான் தின்னுவார்."

ஜவாஹிர் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! நாலு மணிக்கு அந்த மனுசன் வாரான். இவன் மருந்தெல்லாம் கழுவி ஓடையில விட்டீக்கான். இருளப்பன், ஒனக்கு என்ன பாவம்டா செஞ்சேன் நான்?"

இருளப்பன் டீச்சர் பக்கம் திரும்பினான். "வேற மருந்து இருக்குங்களா டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டான்.

கமலாசனி பைக்குள்ளிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தார். உள்ளே அரை டின் வெள்ளைத் தூள், அரிசி மாவைவிட மென்மையானது. பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுக்கிறதும் இதே சாமானின் ஒரு வகைதான் என்றார். "கண்ணாடியில ஒட்டினால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். தூளாப் போட்டால் தண்ணியோட போயிடும், ஒரு தரத்தோட சரி. ஆனா வேலை செய்யும். தண்ணி ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல இருக்கக் கூடாது. வெயில் அடிவரைக்கும் போக வேணும்."

"வெயிலா? வெயில் என்னங்க செய்யும்?"

"வெயில் பட்டவுடன இந்தத் தூள் முழிச்சுக்கொள்ளும். முழிச்சால் பக்கத்தில இருக்கிற சாயத்தைத் துண்டு துண்டாக் கடிச்சுப் போடும். தான் கரையாது, குறையாது. கடைசியில மிஞ்சுறது தண்ணி, கொஞ்சம் காத்து, கொஞ்சம் உப்பு."

"அப்ப சாயம் எங்கங்க போகும்?"

"எங்கையும் போகாது. இல்லாமப் போகும்."

இருளப்பன் தலையாட்டினான். நம்பவில்லை. இருபத்தொரு வருசமாகச் சாயத்தோடு கிடந்தவனுக்குச் சாயத்தின் குணம் தெரியும். அது இடம் மாறும். அண்டாவிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து கைக்கு, கையிலிருந்து சோற்றுக்கு, தலையணைக்கு, பிள்ளையின் கன்னத்துக்கு. இல்லாமல் போன சாயத்தை அவன் பார்த்ததே இல்லை. படித்தவர்கள் சொன்னால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் நாலு மணி வரைக்கும் வேறு கதி ஒன்றும் இல்லை.

அகலமான தட்டுக்கு முதலாளி வழி பண்ணினார். அவருடைய மச்சானுக்குத் தெல்தோட்டைப் பாதையில் பேக்கரி. ஓட்டோவை அனுப்பி, காலைப் பாண் இறக்கிய சூடு ஆறாமல் பன்னிரண்டு தட்டு வந்தது. ஸுலைஹா ஒன்றை முகர்ந்து பார்த்து, "காலையில ஒண்டும் தின்னாம வந்தது தப்பாப் போச்சு" என்றாள். முற்றத்தில் கல் வைத்துத் தட்டுகளை மட்டமாகப் பரப்பினார்கள். சிவப்பு நூல் அலசிய தண்ணீரை இருளப்பன் ரெண்டு விரல் அளவு ஊற்றினான். கமலாசனி தூளைக் கரண்டியில் அளந்து தட்டுக்குத் தட்டு போட்டார். சிவப்பெல்லாம் பாலில் கலந்தது போல ரோஸ் நிறமாகத் திரண்டது.

"சர்பத்து" என்றாள் ஸுலைஹா.

"கலக்கிக்கொண்டே இருக்க வேணும். தூள் அடியில உறங்கக் கூடாது" என்றார் கமலாசனி.

இருளப்பன் மட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு குந்தினான். முதல் தட்டிலிருந்து பன்னிரண்டாவதுக்கு, திரும்ப முதல் தட்டுக்கு. பத்து மணி, பதினொரு மணி. முதுகு வெந்தது, முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது. நிறம் அப்படியேதான் இருந்தது. நினைத்தது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. சரியாக இருந்ததில் ஒரு சந்தோசமும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டு வாரேன். துஆ கேக்கிறத விட எனக்கு வேற வேல தெரியல்ல" என்று புறப்பட்டார்.

அவர் போன பிறகுதான் இருளப்பன் அதைக் கண்டான். வாளியில் மிச்சம் இருந்த அலசல் தண்ணீரை எடுக்க நிழலுக்குப் போனவன், திரும்பி வந்து தட்டைப் பார்த்தான். வாளித் தண்ணீர் செம்பருத்தி. தட்டில் இருந்தது உரித்த கொய்யாப் பழத்தின் உள்பக்கம். கூடவே இருந்து பார்த்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரமாக அவன் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அவன் தட்டை மெதுவாகத் தூக்கி அடியைப் பார்த்தான். ஒழுகவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஒட்டவில்லை. மட்டைத் துண்டை மோந்துகூடப் பார்த்தான்.

"என்ன தேடுறியள்?" என்றார் கமலாசனி.

"சாயத்தத்தாங்க."

கமலாசனி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "நானும் முதல்நாள் அப்பிடித்தான் தேடினனான். புத்தகத்தில படிச்சுத் தெரிஞ்சும் தேடினனான்."

அதற்குப் பிறகு இருளப்பனுக்கு முதுகு வலி தெரியவில்லை. ஒவ்வொரு தட்டையும் பிள்ளையைத் தொட்டிலில் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கலக்கினான். நெருப்பில்லை, கொதியில்லை, நாற்றமில்லை, ஒரு சத்தம்கூட இல்லை. எந்நாளும் முதுகில் விழுந்து கரிக்கிற இதே வெயில் தட்டுக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தது. சம்பளமில்லாத ஒரு வேலையாள்! இத்தனை வருசமாக அந்த வேலையாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓடையைச் சிவப்பாக்கினோமா என்று நினைக்க அவனுக்கு மயிர் கூச்செறிந்தது.

ஒன்றே முக்காலுக்கு முதல் தட்டின் பாதியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

இருளப்பன் நிமிர்ந்தான். மேற்குப் பக்கத்து மலை. "போச்சு" என்றான். "டீச்சரம்மா, இங்க ரெண்டு மணிக்கெல்லாம் வெயில் போயிருங்க."

"என்ன? அஞ்சு மணிமட்டும் வெயில் இருக்குமே!"

"ஒங்க மொட்ட மாடியில இருக்கும். இது பள்ளங்க."

கமலாசனி மலையைப் பார்த்தார். நிழல் இரண்டாவது தட்டைத் தொட்டது. "அதை நான் யோசிக்கேல்லை" என்றார். ஒரு கணம் காலையில் கண்ணாடி முன்னால் நின்ற இருளப்பனைப் போலவே இருந்தது அவர் முகம். "இன்னும் ரெண்டு மணித்தியாலமாவது வேணும். இப்ப நிப்பாட்டினால் ரோஸ் நிறத்தோட நிண்டிடும்."

"மேல ரோட்டு வளைவுல அஞ்சு மணி வரைக்கும் அடிக்குங்க." சொன்னவன் அத்தோடு நிறுத்திக்கொண்டான். மேல் வளைவில் ஆமிக்காரர்களின் காவல்தடை இருந்தது. தந்திக் கோபுரத்துக்காகப் போட்டது.

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். கமலாசனி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "என்ர அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. குண்டு வெடிச்ச கிழமை ஒரு பகல் முழுக்கப் பொலிஸில இருத்தி வைச்சவங்கள்."

"எனக்கு அட்ட இல்லாத பயம்" என்றான் இருளப்பன். "ஒங்களுக்கு இருக்கிற பயம்."

"ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே தூக்குங்க" என்றாள் ஸுலைஹா. "நான் முன்னுக்குப் போய் அவனுகளோட கதைக்கிறேன். என்ட சிங்களத்தக் கேட்டா அவனுகளே சோறு போடுவானுக."

தட்டுகளை எட்டு வாளியில் வடித்தார்கள். இருளப்பன் தோளில் கம்பு வைத்து ரெண்டு பக்கமும் வாளி மாட்டி ஏறினான். தேயிலைக் காட்டுக்கு நடுவே நூற்றுச் சொச்சம் படி. நாலு தடவை ஏறி இறங்க வேண்டும். காலித் தட்டுகளைப் பெண்கள் இருவரும் சுமந்தார்கள். நிழலும் பின்னாலேயே ஏறி வந்தது. இரண்டாவது நடையில் அது அவன் குதிகாலைத் தொட்டது. மூன்றாவது நடையில் மூச்சு நெஞ்சுக்குழியில் நின்றது. நின்றால் நிழல் முந்திவிடும். அவன் நிற்கவில்லை.

தடையில் ஒரு கோப்ரல் இருந்தான். நாற்பது வயதிருக்கும், நரைத்த மீசை. வாளிக்குள் எட்டிப் பார்த்ததும் துவக்கை நேராக்கினான்.

"மொகத மே? லே வகே!" என்ன இது, இரத்தம் போல இருக்கிறதே என்று கேட்டான்.

ஸுலைஹா மளமளவென்று சிங்களத்தில் பேசினாள். சாயம், தண்ணீர், வெயில், பெரியவர் வருகிறார், பல்கலைக்கழக மிஸ். கோப்ரல் கமலாசனியின் அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தான். இருளப்பனின் கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, சீலைத் தடவினான். டின்னைத் திறந்து தூளை விரலில் தொட்டு மூக்குக்கிட்டே கொண்டு போனான். கடைசியில் தார்ப் பீப்பாய்க்கு இந்தப் பக்கம், தன் கண்ணுக்கு முன்னால், கைகள் தெரிகிற மாதிரி என்றான். நிறம் போகாவிட்டால் மூன்று பேரும் இங்கிருந்து பொலிஸுக்குத்தான் போவீர்கள் என்றும் சொன்னான்.

ஸுலைஹா அதைத் தமிழில் சொன்னபோது சிரிக்காமல் சொன்னாள்.

ரோட்டோரத்தில் பன்னிரண்டு தட்டும் மறுபடி பரந்தன. மேல் வளைவின் வெயில் கீழே இருந்ததைவிடக் கூர்மையாக இருந்தது. இருளப்பன் கலக்கினான். கோப்ரல் பீப்பாயில் சாய்ந்து நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டடி கிட்டே வந்தான். பிறகு துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குந்தினான். பஸ் ஒன்று வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவன் திரும்பாமலே போ என்று கை காட்டினான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் இறங்காமலே தடையைத் தாண்டினார்கள்.

கொய்யா நிறம் வெளிறியது. வெற்றிலை துப்பிய வாயைக் கழுவின தண்ணீர் போல ஆனது. அதுவும் வெளிறிப் பிள்ளையின் உள்ளங்காலாக ஆனது. பிறகு அது நிறம்தானா, இல்லை கண்ணில் ஒட்டியிருக்கிற நினைப்பா என்று சொல்ல முடியவில்லை. மூன்றே முக்காலுக்குத் தட்டில் வெறும் பால் வெள்ளைதான் இருந்தது.

கோப்ரல் ஒரு தட்டின் விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கி, அடியில் குனிந்து பார்த்தான்.

"பாட்ட கோ?" என்றான். நிறம் எங்கே என்று கேட்டான்.

இருளப்பனுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனாலும் அந்தக் கேள்வி அவனுக்குப் பழக்கமான கேள்வி. அவன் கையை விரித்தான். அப்புறம் வானத்தைக் காட்டினான். ரெண்டு பேரும் சேர்ந்து மேலே பார்த்தார்கள், ஏதோ அங்கே தெரியப் போகிறது போல.

"வெள்ளையா ஈக்கே மிஸ்" என்றாள் ஸுலைஹா. "அந்த மனுசன் வந்து, செவப்ப எடுத்து வெள்ளையப் போட்டீக்கீங்கன்னு சொல்லுவான்."

"தூள் படிய வேணும். வடிதாள் கொண்டந்தனான், ஆனா இவ்வளவையும் வடிக்க விடிஞ்சிடும்." கமலாசனி நேரத்தைப் பார்த்தார்.

"படிகாரம் போட்டா என்ன? மழக் காலத்துல கலங்கின தண்ணிக்கு உம்மா போடுவா."

கமலாசனி அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ ஸுலைஹா, அதைக் காலமையே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல்லயே."

சாயப் பட்டறையில் படிகாரத்துக்கா பஞ்சம்? இருளப்பன் ஐந்தாவது தடவையாகப் படியிறங்கி, படிகாரத்தோடு நிழலில் மிச்சமிருந்த அலசல் தண்ணீரிலும் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு ஏறினான். கால் அவனுடையது போலவே இல்லை. வாளிகளில் ஊற்றி, படிகாரத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெள்ளை முதலில் மேகம் மேகமாகத் திரண்டது. பிறகு பனி இறங்குவது போல வாளிக்குள் கீழே இறங்கியது. அது விட்டுப் போன இடத்தில் மேலே ஒன்றுமே இல்லை. வாளியின் உள்பக்கத்துக் கீறல்வரை தெரிந்தது. இருளப்பன் அதுவரைக்கும் நீலம், பச்சை, சிவப்பு என்று எத்தனையோ ஆயிரம் வாளி பார்த்திருந்தான். வெறும் தண்ணீரைக் கண்டு அவனுக்குக் கண் நிறைந்தது அன்றைக்குத்தான்.

அதிகாரியின் வண்டியைக் கீழ்த் தடையில் மறித்து வைத்திருந்தார்களாம், நாலரைக்குத்தான் வந்தது. மேல் தடையிலும் நிற்க வேண்டியதாயிற்று. அவர் கோபத்தோடு இறங்கினார். கோப்ரல் சல்யூட் அடித்துவிட்டு, சிங்களத்தில், சேர், முதலில் இந்த வாளிகளைப் பாருங்கள் என்றான். பிறகு, காலையிலிருந்தே கூட இருந்தவன் போல, எல்லாவற்றையும் அவனே விளக்க ஆரம்பித்தான். கமலாசனிக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. ஜும்மா முடிந்தும் பள்ளிவாசலிலேயே துஆ கேட்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, பட்டறையில் ஆளைக் காணாமல் மூச்சிரைக்கப் படியேறி வந்த முதலாளி, ஆமிக்காரன் தன் பட்டறைக்காகப் பேசுவதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அதிகாரி போத்தலில் அள்ளி வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தார். நிழலில் மூடி வைத்திருந்த பழைய அலசல் தண்ணீரை இன்னொரு போத்தலில் எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"குடிக்கலாமா?"

"இல்லை சேர்" என்றார் கமலாசனி. "நிறம் போனது சரி. மிச்சத்தைப் பரிசோதிக்க வேணும். ஒரு நாளைக்கு இது எட்டு வாளி. பட்டறைக்கு எண்பது வாளி. மேல பெரிய தட்டு கட்ட வேணும், இந்த வளைவிலதான்."

அந்த உண்மையைச் சொன்னதற்காகத்தானோ என்னவோ, அதிகாரி முத்திரைப் பெட்டியை வண்டியை விட்டே இறக்கவில்லை. மூன்று மாதத் தவணை, அதுவரைக்கும் சிவப்பும் நீலமும் ஓடையில் விடக் கூடாது, தொட்டியில் சேர்த்து வைக்க வேண்டும் என்று எழுதினார். இருளப்பன் விரலை மடக்கினான். ஏப்ரல், மே, ஜூன். மூன்று சீல். அதற்குள் பெரிய தட்டு நின்றுவிட்டால் அதற்கு மேலும். அவன் பெருமூச்சு விட்டது பக்கத்தில் நின்ற ஸுலைஹாவுக்குக் கேட்டது.

"இன்னைக்கு வீட்டுல சட்டி பானையெல்லாம் கழுவாம விடுங்க" என்றாள். "என்ன மருந்து ஒட்டியிருக்கோ தெரியாது."

வெயில் வளைவையும் விட்டுப் போனது. தெளிந்த தண்ணீரை வாளி மாற்றி இறுத்துவிட்டு, அடியில் படிந்த தூளைக் கமலாசனி சொட்டுவிடாமல் டின்னில் வழித்தார். மேல் தண்ணீரைக் கொட்டிவிடலாம் என்றார். ஏழு வாளியை முதலாளியும் ஸுலைஹாவும் சேர்ந்து ரோட்டோரத் தேயிலைக்கு ஊற்றினார்கள். எட்டாவது வாளியை இருளப்பன் விடவில்லை. தானே கீழே கொண்டு போனான்.

ஓடை மடையில் குந்தினான். இந்த இடத்தில் வாளியைச் சரித்தால் நிறம் ஒரு நாக்கைப் போல நீண்டு, கல்லைச் சுற்றி, வயல் வரைக்கும் தனக்கு முன்னால் ஓடும். அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் அவனுக்குப் பழக்கம். இப்போது திருப்பவில்லை. மெல்ல, ஒரு கை நீராகச் சரித்தான். தண்ணீர் தண்ணீரில் விழுந்தது. அவன் குனிந்து, எது தன் தண்ணீர் எது ஓடைத் தண்ணீர் என்று தேடினான். ஒரு கல் தள்ளிப் பார்த்தான். இன்னும் ஒரு கல் தள்ளிப் பார்த்தான். வாளி காலியாகும் வரைக்கும் தேடியும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.